பிரேக் சவட்டுனா பஞ்சு மாதிரி உள்ள போகுதா? ஆயில் ஊத்துறதுக்கு முன்னால இதைப் பாருங்க

எங்க கன்னியாகுமரி ஜில்லா மலையில, பாலமோர் பக்கம் ஒரு விசேஷத்துக்குப் போயிட்டு கீரிப்பாறைக்கு எறங்கி வந்துட்டு இருந்தோம், ஐப்பசி மழை அப்பந்தான் விட்டிருந்தது, ரோடு முழுக்க எலை ஒட்டிக் கெடக்கு, வண்டியில நான், மச்சினன், பின் சீட்ல அம்மாவும் பிள்ளைகளும். ஒரு வளைவுல பிரேக்க சவட்டுறேன், பெடல் எப்பவும் நிக்கிற எடத்துல நிக்கல, அதையும் தாண்டி ரெண்டு விரக்கடை தாழ போயித்தான் நின்னுது. வண்டி நின்னுடுச்சு, அதனால பின்னால இருந்தவங்களுக்கு ஒண்ணும் தெரியல, ஆனா என் காலுக்குத் தெரிஞ்சுது. மச்சினன் என் மொகத்தப் பாத்துட்டு "என்ன அத்தான்?"னு கேட்டான், ஒண்ணும் இல்லடேன்னு சொல்லிட்டு செகண்ட் கியர்லயே பைய உருட்டி கீழ கொண்டு வந்து சேத்தேன்.

கீழ வந்து பானட்ட தொறந்தா பிரேக் ஆயில் டப்பால மினிமம் (MIN) கோட்டுக்கும் கீழ கெடக்கு. வழியில ஒரு வொர்க்‌ஷாப்ல ஆயில் ஊத்தி ஏர் எடுத்து, அதாவது லைனுக்குள்ள இருந்த காத்த வெளியேத்திக் குடுத்தாங்க, பெடல் நல்லா கல்லு மாதிரி ஆச்சு, தைரியமா போங்கன்னாங்க, நானும் காசக் குடுத்துட்டு வந்துட்டேன். பத்து நாள்தான். தக்கலை நெரிசல்ல ஊந்து ஊந்து போகும்போது மறுபடியும் அதே பஞ்சு. ஆயில் எங்க போச்சுன்னு அன்னைக்கு அவங்களும் பாக்கல, நானும் கேக்கல. அதுக்குப் பொறவு எங்க வீட்டு வண்டி, சொந்தக்காரங்க வண்டின்னு பெடல் பிரச்சினைய நானே உக்காந்து பாக்க ஆரம்பிச்சேன், பெரிய மெக்கானிக் எல்லாம் இல்ல, ஆனா ஒரு ஸ்பேனர் கூட எடுக்காம வெறும் கால வச்சே பாதி பிரச்சினைய கண்டுபிடிச்சிடலாம்னு இப்பம் நல்லா தெரியும், அதைத்தான் எழுதுறேன்.

பிரேக் ஆயில் எஞ்சின் ஆயில் மாதிரி எரிஞ்சு கொறையுற பொருள் கெடையாது. நீங்க பெடல சவட்டுனா பூஸ்டர் அந்த பலத்தக் கூட்டி மாஸ்டர் சிலிண்டருக்குக் குடுக்குது, அது ஆயில லைன் வழியா நாலு சக்கரத்துக்கும் தள்ளுது, முன்னால காலிப்பர்ங்குற பிடி பிஸ்டனால பேட டிஸ்க் மேல அமுக்குது, பின்னால வீல் சிலிண்டர் ஷூவ டிரம்முக்குள்ள விரிக்குது, கால எடுத்தா ஆயில் திரும்ப வந்துடுது. முழுக்க மூடுன ஏற்பாடு. அப்ப டப்பால ஆயில் கொறைஞ்சா ரெண்டே காரணந்தான். ஒண்ணு, பேட் தேஞ்சிருக்கு, தேய தேய பிஸ்டன் வெளிய வந்து நிக்கும், அந்த எடத்த ஆயில் நெறைக்கும், இது பைய பைய மாசக் கணக்குல கொறையும். ரெண்டு, எங்கயோ ஒழுகுது. பேட் தேஞ்சதால கொறைஞ்சதுக்கு நீங்க மேக்ஸ் கோடு வரைக்கும் ஊத்தி வச்சீங்கன்னா, நாளைக்கு புது பேட் போட பிஸ்டன உள்ள தள்ளும்போது டப்பா நெறைஞ்சு வழிஞ்சு பெயிண்ட் மேல போகும், பிரேக் ஆயில் பெயிண்ட தின்னுடும், பட்ட ஒடனே வெள்ளம் ஊத்திக் கழுவணும். அதனால ஊத்துறதுக்கு முன்னால பேட் எவ்வளவு இருக்குன்னு பாருங்க.

ஆயிலத் தண்ணியப் போல எவ்வளவு அமுக்குனாலும் சுருங்காது, காத்து சுருங்கும். லைனுக்குள்ள ஒரு குமிழி இருந்தா உங்க கால் பலம் முதல்ல அந்தக் குமிழியத்தான் நசுக்கும், மிச்சம் இருக்குறதுதான் பேடுக்குப் போகும். பஞ்சு மாதிரி இருக்குன்னு சொல்றது இதைத்தான். ஆனா பெடல் தாழ போற எல்லாமே காத்து இல்ல, இங்கதான் நெறைய பேரு ஏமாந்து போறாங்க, மூணு தடவ ஏர் எடுத்தும் சரியாகலன்னு பொலம்புறாங்க.

சமமான தரையில வண்டிய நிறுத்துங்க, சக்கரத்துக்கு முன்னயும் பின்னயும் கட்டை வைங்க, எஞ்சின் ஆஃப்ல இருக்கட்டும். பூஸ்டர்ல மிச்சம் இருக்குற வாக்குவம் (வெற்றிடம்) போகுற வரைக்கும் அஞ்சாறு தடவ சவட்டுங்க, பெடல் கனமாகிடும். இப்பம் பைய ஒரு தடவ சவட்டிப் பாருங்க, எவ்வளவு தூரம் போகுது, அடியில போயி கல்லுல மோதுன மாதிரி நிக்குதா இல்ல ரப்பர் பந்த மிதிச்ச மாதிரி அமுங்கிக்கிட்டே இருக்கா. பொறவு வேகமா மூணு நாலு தடவ பம்ப் பண்ணுங்க. பம்ப் பண்ணுன பொறவு பெடல் மேல ஏறி வந்து, ஆனா இன்னும் பஞ்சாவே இருந்தா, அது பெரும்பாலும் காத்து. மேல ஏறி வந்து நல்லா கெட்டியா நின்னா, காத்த விட பின் சக்கரத்து ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவுல இடைவெளி கூடிப் போச்சுன்னுதான் மொதல்ல சந்தேகப்படணும். இதுக்கு ஒரு சுலபமான வழி, ஹேண்ட் பிரேக்க நல்லா இழுத்து வச்சுட்டு பெடல சவட்டுங்க, ஹேண்ட் பிரேக் போட்டா பெடல் ஒசரத்துல நிக்குது போடாட்டி தாழ போகுதுன்னா, பின் ஷூ அட்ஜஸ்ட்மென்ட்தான், அதைச் சரி பண்ணாம ஏர் எடுத்து ஒரு லிட்டர் ஆயில் வீணாக்கி பிரயோஜனம் இல்ல.

அடுத்தது நெறைய பேரு செய்யாம விடுற சோதனை. பெடல மிதமா, ரொம்ப அழுத்தாம, சிக்னல்ல நிக்கும்போது எவ்வளவு சவட்டுவோமோ அவ்வளவு மட்டும் சவட்டி ஒரு நிமிஷம் அப்படியே கால வச்சிருங்க. நின்ன எடத்துலயே நிக்கணும். கொஞ்சம் கொஞ்சமா தாழ எறங்கிக்கிட்டே போனா, வெளிய எங்கயும் ஒழுகலும் இல்ல, டப்பாலயும் கொறையலன்னா, மாஸ்டர் சிலிண்டருக்குள்ள இருக்குற ரப்பர் வாஷர் தேஞ்சு ஆயில் உள்ளுக்குள்ளயே பின்னால போயிட்டு இருக்குன்னு அர்த்தம். பலமா சவட்டிப் பாத்தா இது தெரியாமப் போகலாம், ஏன்னா பிரஷர் கூடினா அந்த ரப்பர் நல்லா விரிஞ்சு சுவத்துல ஒட்டிக்கும், மெதுவா சவட்டுனாத்தான் கசியும். நெரிசல்ல கால் வச்சிருக்கும்போது பெடல் தானா எறங்குது, ஹைவேல நல்லா இருக்குன்னு யாராவது சொன்னா எனக்கு மொதல்ல தோணுறது இதுதான்.

கடைசியா பூஸ்டர். எஞ்சின் ஆஃப்ல பம்ப் பண்ணி கனமாக்கி, கால அப்படியே அழுத்தி வச்சுக்கிட்டே ஸ்டார்ட் பண்ணுங்க, பெடல் லேசா ஒரு எறக்கம் எறங்கணும். எறங்குனா பூஸ்டர் வேலை செய்யுது. எஞ்சின் ஓடும்போது ஆஃப்ல இருந்தத விட பெடல் கொஞ்சம் மெத்துனு இருக்குறது எல்லா வண்டியிலயும் உள்ளதுதான், அதப் பாத்து பயந்து ஆயிரக்கணக்குல செலவு பண்ணிடாதீங்க. பூஸ்டர் போச்சுன்னா பெடல் கல்லா இருக்கும், ரொம்ப பலமா சவட்டாட்டி வண்டி நிக்காது, பஞ்சா இருக்காது. அது வேற நோய்.

இப்பம் ஒழுகலத் தேடுறது. டார்ச், ஒரு துண்டு வெள்ளைத் துணி, பொறுமை, இவ்வளவு போதும். நாலு சக்கரத்தோட உள் பக்கத்தையும் பாருங்க, டயர் உள் சுவத்துல ஈரமா கோடு எறங்கியிருந்தா தொட்டுப் பாருங்க, பிரேக் ஆயில் விரல்ல வழுவழுன்னு இருக்கும், தண்ணி பட்டா கழுவிட்டுப் போயிடும், கிரீஸ் அப்படிப் போகாது. ரப்பர் ஹோஸ மடக்கிப் பாத்தா மயிரிழை வெடிப்பு தெரியும், ஒருத்தர் சவட்ட நீங்க ஹோஸக் கையால பிடிச்சுப் பாத்தா உப்புறது தெரிஞ்சா அதுவே பஞ்சுக்குக் காரணம். பொறவு வண்டிக்கு அடியில ஓடுற இரும்பு லைன். நம்ம ஊர்ல இது ரொம்ப முக்கியம், குளச்சல், முட்டம், மணக்குடி, கன்னியாகுமரின்னு கடலுக்குப் பக்கத்துல ராத்திரி வெளிய நிக்கிற வண்டிக்கு உப்புக் காத்து பட்டு பட்டு அடியில லைனப் பிடிக்கிற கிளிப் இருக்குற எடத்துல துரு பிடிக்கும், வெளிய இருந்து பாத்தா கருப்பா நல்லாத்தான் இருக்கும், கிளிப்ப நகத்துனா உள்ள செதில் செதிலா உதிரும். அந்த மாதிரி லைன சுரண்டி பெயிண்ட் அடிச்சு ஓட்டாதீங்க, மாத்துறது மட்டும்தான் வழி, எம்சீல் வச்சு அடைக்கிற வேலை பிரேக்ல ஆகவே ஆகாது.

வெளிய ஒண்ணும் தெரியலன்னா பின் டிரம்ம கழட்டணும். ஜாக்கில மட்டும் வண்டிய நம்பாதீங்க, ஜாக் ஸ்டாண்டு இருந்தா அது, செங்கலும் ஓட்டுக் கல்லும் தெங்குத் தடியும் வேண்டாம், செங்கல் பொடிஞ்சு வண்டி எறங்க ஒரு நொடி போதும். என் வண்டில எடது பின் சக்கரத்து டிரம்ம மரச் சுத்தியலால சுத்தி பைய தட்டி கழட்டுனேன். வெளிப் பார்வைக்கு காஞ்சுதான் இருந்தது. வீல் சிலிண்டர் ரெண்டு ஓரத்துலயும் சின்ன ரப்பர் தொப்பி இருக்கும்ல, அதோட விளிம்ப ஸ்க்ரூ டிரைவர் முனையால லேசா நெம்பினேன், உள்ளேருந்து ஒரு சொட்டு தொங்கி அப்படியே என் பெருவிரல் மேல விழுந்துச்சு, பின்னாலயே ஒரு அரை ஸ்பூன் வழிஞ்சுது. டீத்தூள் கசாயம் மாதிரி கருஞ்செவப்பு. கீழ ஷூவோட லைனிங் ஓரமா ஒரு ரூபா அளவுக்கு ஈரம் ஊறி கருத்துப் போயிருந்தது, அந்த எடத்துல டிரம் உள் சுவரும் கண்ணாடி மாதிரி பளபளன்னு. அவ்வளவு நாள் தரையில ஒரு சொட்டு கூட விழாததுக்கு இதான் காரணம், எல்லாத்தையும் டிரம்முக்குள்ள பிடிச்சு வச்சிருந்தது. மலையில வளைவுல ஆயில் ஒரு பக்கமா ஒதுங்குறப்போ டப்பால மட்டம் கொறைவா இருந்ததால காத்தும் உள்ள போயிருக்கு.

டிரம்முக்குள்ள இருக்குற தூசிய வாயால ஊதவோ ஏர் அடிக்கவோ செய்யாதீங்க, நெஞ்சுக்கு ஆகாது, ஈரத்துணியால தொடைச்சு எடுங்க. வீல் சிலிண்டருக்கு ரப்பர் கிட் கெடைக்கும், உள் சுவரு பளிச்சுன்னு குழியில்லாம இருந்தா கிட் போடலாம், துருக்குழி தெரிஞ்சா முழு சிலிண்டரையே மாத்துங்க, மாத்தும்போது ரெண்டு பக்கமும் சேத்து மாத்துனா நல்லது, ஒரு பக்கம் போனா அடுத்த பக்கத்துக்கும் அதே வயசுதான். ஆயில் குடிச்ச ஷூவ தீயில காட்டி எரிச்சும் பெட்ரோல் ஊத்திக் கழுவியும் திரும்பப் போடுறத நெறைய எடத்துல பாத்திருக்கேன், அது வேண்டாம், ஊறுனது ஊறுனதுதான், சவட்டும்போது ஒரு பக்கம் மட்டும் இழுக்கும். பிரேக்ல வர்ற எந்த ரப்பருக்கும் பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் ஆகாது, புது பிரேக் ஆயில வச்சே தொடைங்க.

இன்னொரு ஒழுகல் இருக்கு, வெளிய தெரியவே தெரியாது. மாஸ்டர் சிலிண்டரோட பின் பக்க சீல் போனா ஆயில் நேரா பூஸ்டருக்குள்ள போயிடும். தரை காஞ்சிருக்கும், சக்கரம் காஞ்சிருக்கும், டப்பால மட்டும் கொறையும். மாஸ்டர் சிலிண்டரும் பூஸ்டரும் சேர்ற எடத்துல கீழ விரல விட்டுப் பாருங்க, ஈரமா இருந்தாலோ பூஸ்டர் பெயிண்ட் உப்பி உரிஞ்சிருந்தாலோ அதுதான். மாஸ்டர் சிலிண்டர மாத்துனா வண்டியில மாட்டுறதுக்கு முன்னால பெஞ்சுல வச்சே அதுக்குள்ள இருக்குற காத்த எடுத்துடணும், இல்லன்னா மாட்டுன பொறவு எவ்வளவு சவட்டுனாலும் முழுசா வெளிய வராது.

ஆயில் பத்தி ஒரு வார்த்த. டப்பா மூடியிலயே டாட் (DOT) 3 அல்லது டாட் 4ன்னு ஆயிலோட தரம் எழுதியிருக்கும், அதையே ஊத்துங்க. இது தண்ணிய உறிஞ்சுற சாதனம், காத்துல இருக்குற ஈரத்தையே ஹோஸ் வழியாவும் மூடி வழியாவும் இழுத்துக்கும். நம்ம ஜில்லாவுல ஆனி ஆடி சாரல் ஒரு தரம், ஐப்பசி கார்த்திகை மழை இன்னொரு தரம், நடுவுல கடல் காத்து, ஆயில் ஈரம் குடிக்காம எப்படி இருக்கும். புது டாட் 3 கொறைஞ்சது 205 டிகிரி செல்சியஸ் வரைக்கும் கொதிக்காது, டாட் 4 230 டிகிரி. அதுல 3.7 சதவீதம் தண்ணி சேந்துட்டா டாட் 3க்கு 140, டாட் 4க்கு 155ன்னு தரம் வச்சிருக்காங்க, அவ்வளவு எறங்கிடும். மலையில இருந்து பிரேக்லயே கால வச்சு எறங்குனா சூட்டுல அந்தத் தண்ணி ஆவியாகி குமிழியாகும், பெடல் தரைக்குப் போயிடும், ஓரமா நிறுத்தி அரை மணி நேரம் ஆற விட்டா பெடல் திரும்ப வந்துடும், சரியாயிட்டுன்னு நெனச்சு மறுபடி ஓட்டுவாங்க. சரியாகல, ஆயில் மாத்த வேண்டிய நேரம் தாண்டிப் போச்சு. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ முழுசா மாத்துங்க, வண்டியோட புத்தகத்துல அதை விட கொறைவா போட்டிருந்தா அதன்படி. டாட் 5ன்னு ஒண்ணு இருக்கு, அது சிலிக்கான், மத்ததோட கலக்கக் கூடாது. டாட் 5.1 வேற, அது நம்ம டாட் 4 ஜாதிதான், பேரப் பாத்து மாறிடாதீங்க. பாட்டில் தொறந்து போன வருஷத்துல இருந்து ஷெட்ல கெடக்குற ஆயிலும் வேண்டாம். டப்பா மூடிக்கு அடியில இருக்குற ரப்பர் உப்பிப் போயி மூடவே மாட்டேங்குதுன்னா யாரோ ஸ்டீயரிங் ஆயிலோ எஞ்சின் ஆயிலோ ஊத்தியிருக்காங்க, அப்படின்னா வண்டிய நகத்தாதீங்க, உள்ள இருக்குற எல்லா ரப்பரும் அதே மாதிரி உப்பியிருக்கும், அத்தனையும் மாத்தணும், செலவுதான், வேற வழி இல்ல.

ஒழுகலச் சரி பண்ணியாச்சுன்னா அதுக்குப் பொறவுதான் ஏர் எடுக்கணும். சக்கரத்துல காத்த வெளிய விடுறதுக்கு இருக்குற சின்னத் திருகு, நிப்பிள்னு பேரு, அதுக்கு அளவான ரிங் ஸ்பேனர், 8, 10 மில்லிமீட்டர்னு வண்டிக்கு வண்டி மாறும், ஓப்பன் ஸ்பேனர் போட்டா முனை தேஞ்சு உருண்டுடும். மீன் தொட்டிக்கு விக்கிற கண்ணாடி மாதிரி டியூப் ஒரு மீட்டர், ஒரு பழைய பாட்டில், அடியில கொஞ்சம் புது ஆயில், டியூப் முனை அதுல முங்கியிருக்கணும், திரும்ப உறிஞ்சுனாலும் காத்து வராது. ஒரு லிட்டர் ஆயில் வாங்கி வச்சா தாராளம். கடலோரத்து வண்டில நிப்பிள் துரு பிடிச்சு இறுகியிருந்தா மொதல் நாள் ராத்திரியே துரு இளக்குற டபிள்யூடி 40 ஸ்ப்ரே அடிச்சு வைங்க, பேட் டிஸ்க் மேல படாம, மறுநாள் லேசா தட்டிட்டுத் திருப்புங்க, பலம் போட்டு முறிச்சா ஒரு சின்ன நிப்பிளுக்காக முழு காலிப்பரே மாத்த வேண்டி வரும்.

மாஸ்டர் சிலிண்டர் நமக்கு வலது பக்கம் இருக்கு, அதனால ரொம்ப தூரத்துல இருக்குற எடது பின் சக்கரத்துல ஆரம்பிச்சு, வலது பின், எடது முன், கடைசியா வலது முன். குறுக்கு லைன் போட்ட சில வண்டிகளுக்கு வேற வரிசை சொல்லுவாங்க, புத்தகத்துல பாத்துக்கோங்க. உள்ள சவட்டுறதுக்கு ஒருத்தர் வேணும், எனக்கு மச்சினன். வேலை தொடங்குறதுக்கு முன்னால பேசி வச்சுக்கோங்க, நான் சொல்லாம கால எடுக்கக் கூடாதுன்னு.

"சவட்டுடே."

"சவட்டியாச்சு அத்தான், பிடிச்சிருக்கேன்."

இப்பம் நிப்பிள கால் சுத்து தொறக்கணும், டியூப்ல குமிழியோட ஆயில் வரும், பெடல் எறங்கும், அவன் கால் எறங்கிக்கிட்டே இருக்குறப்பவே நிப்பிள மூடிடணும். மூடுனதுக்குப் பொறவுதான் "விடு". மூடாம விட்டா வெளிக் காத்த உள்ள இழுத்துக்கும், செஞ்ச வேலை முழுக்க வீண். இதையே குமிழி நிக்கிற வரைக்கும், ஆயில் நெறம் தெளியுற வரைக்கும் திரும்பத் திரும்ப. அஞ்சு தடவைக்கு ஒரு தடவ டப்பாவப் பாத்து ஊத்துங்க, அது காலியாச்சுன்னா மேல இருந்தே காத்து எறங்கி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும், எனக்கு ஒரு தடவ அப்படி ஆகி ஒரு ஞாயித்துக்கெழமையே போச்சு. ஏர் எடுக்கும்போது எஞ்சின் ஓட வேண்டாம், ஆஃப்லயே செய்ங்க. பழைய வண்டின்னா பெடலுக்கு அடியில ஒரு மரக்கட்டை வச்சு முழுசா தரை வரைக்கும் போகாம பாத்துக்கோங்க, மாஸ்டர் சிலிண்டர் சாதாரணமா அவ்வளவு தூரம் போறதே இல்ல, அந்தக் கடைசிப் பகுதியில அழுக்கும் துருவும் படிஞ்சிருக்கும், வாஷர் அது மேல ஏறுனா கிழிஞ்சிடும், ஏர் எடுக்கப் போயி மாஸ்டர் சிலிண்டர் போச்சேன்னு பலரும் வருத்தப்படுறது இதனாலதான். முடிஞ்ச பொறவு நிப்பிள் மேல ரப்பர் மூடிய மறக்காம போடுங்க, அது இல்லாமத்தான் மண்ணும் உப்பும் உள்ள போயி இறுகுது.

எல்லாம் செஞ்சும் பஞ்சு போகலன்னா சில எடங்களப் பாருங்க. குளச்சல்ல ஒரு கூட்டுக்காரன் வண்டி, மூணு எடத்துல ஏர் எடுத்துட்டு வந்தான், ஒவ்வொரு தடவையும் குமிழி வரல, ஆனா பெடல் பஞ்சு. சக்கரத்தக் கழட்டிப் பாத்தா ரெண்டு காலிப்பரையும் எடது வலது மாத்தி மாட்டியிருக்காங்க, நிப்பிள் கீழ் பக்கமா இருக்கு. காத்து எப்பவும் மேலதான் போயி நிக்கும், கீழ இருக்குற ஓட்டை வழியா ஆயில் மட்டும்தான் வரும், ஆயுசுக்கும் எடுத்தாலும் வராது. மாத்தி மாட்டுன பொறவு பத்து நிமிஷ வேலை. காலிப்பர் நழுவுற ஆணி (pin) இறுகிப் போயி ஒரு பக்கம் மட்டும் அமுங்குனாலும், பேட் தட்டு வளைஞ்சிருந்தாலும் பெடல் மெத்துனு இருக்கும். வீல் பேரிங் ஆட்டம் இருந்தா டிஸ்க் ஆடி பேட பின்னால தள்ளி வச்சிடும், முதல் தடவ தாழ போயி ரெண்டாவது தடவ சரியா நிக்கும், வளைவுக்குப் பொறவு இது கூடும். சடன் பிரேக் போட்டா சக்கரம் பூட்டாம பாத்துக்குற ஏபிஎஸ் உள்ள வண்டியில, 2019 ஏப்ரலுக்குப் பொறவு வந்த கார் எல்லாத்துலயும் அது உண்டு, அந்த ஏபிஎஸ் பெட்டிக்குள்ள காத்து போயிட்டா கையால எடுக்குறது கஷ்டம், ஸ்கேனர் மாட்டி உள்ள இருக்குற வால்வ ஓட விட்டுத்தான் எடுக்கணும், அந்த எடத்துல நான் வேலைய நிறுத்திட்டு தெரிஞ்சவங்கிட்ட கொண்டு போயிடுவேன்.

ரோட்ல ஓடும்போதே பெடல் தரைக்குப் போச்சுன்னா எஞ்சின ஆஃப் பண்ணாதீங்க, பூஸ்டர் உதவி போயி பெடலும் ஸ்டீயரிங்கும் கனமாகிடும். வேகமா பம்ப் பண்ணுங்க, மாஸ்டர் சிலிண்டர்ல ரெண்டு அறை இருக்குறதால ஒண்ணு போனாலும் பாதி பிரேக்காவது இருக்கும், ஆனா தாழத்தான் கெடைக்கும், பலமாவும் சவட்டணும். கூடவே ஒவ்வொரு கியரா எறக்குங்க, ஹேண்ட் பிரேக் பட்டன அழுத்திப் பிடிச்சுக்கிட்டே கொஞ்சம் கொஞ்சமா இழுங்க, ஒரேயடியா இழுத்தா பின் சக்கரம் பூட்டி வண்டி சுத்திடும். நின்ன பொறவு அங்கயே நிக்கட்டும், வீடு பக்கம்தானே பைய போயிடலாம்னு மார்த்தாண்டம் மேம்பாலத்துலயும் வடசேரி நெரிசல்லயும் அந்த வண்டிய ஓட்டாதீங்க, எதிர்ல வர்ற ஸ்கூல் பிள்ளைக்கு உங்க பெடல் தாழ போகுதுன்னு தெரியாது. டோ வண்டிக்கு ஆகுற காசு எவ்வளவா இருந்தாலும் பரவாயில்ல.

வேலை முடிஞ்சா ஒடனே ரோட்டுக்கு எடுக்காதீங்க. முதல்ல நின்ன எடத்துலயே எஞ்சின் போட்டு, மேல சொன்ன ஒரு நிமிஷ சோதனைய செய்ங்க, ஒருத்தர் அடியில டார்ச் அடிச்சு நீங்க தொட்ட எல்லா ஜாயின்டையும் பாக்கட்டும். பொறவு ஆள் இல்லாத மைதானத்துல 10, 20 கிலோமீட்டர் வேகத்துல நாலஞ்சு தடவ நிறுத்திப் பாருங்க, ஒரு பக்கம் இழுக்குதா, பெடல் ஒசரம் ஒரே மாதிரி இருக்கான்னு. பழைய ஆயில வாய்க்கால்லயோ தென்னை மூட்டுலயோ ஊத்தாதீங்க, பாட்டில்ல அடைச்சு பழைய எஞ்சின் ஆயிலோட சேக்காம தனியா எழுதி வச்சு, வாங்கிக்கிற வொர்க்‌ஷாப்ல குடுங்க, பிள்ளைங்க கைக்கு எட்டாத எடத்துல இருக்கட்டும், விஷம் அது.

டப்பால ஆயில் நிக்கிற எடத்துல ஒரு மார்க்கர் பேனாவால கோடு போட்டு பக்கத்துல தேதியும் எழுதி வைங்க. முதல் வாரம் தினமும் காலையில, வண்டி சமமா நிக்கும்போது பாருங்க, அப்புறம் ஒரு மாசம் வாரத்துக்கு ஒரு தடவ. என் வண்டில அந்தக் கோடு போட்டு ரெண்டு மழைக்காலம் போச்சு, ஆயில் கோட்ட விட்டு ஒரு நூலளவுதான் எறங்கியிருக்கு, முன் பேட அளந்து பாத்தேன், தேஞ்சதுக்கு அது சரியாத்தான் வருது.